தூக்க முடியாத பந்து

பம்பரம் என்று பட்டப்பெயர் வைத்தவர் யாரோ, ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். ஃபிட்டர் வேலையில் அவன் கெட்டிக்காரன். ஆனால் உட்கார்ந்து ஒரு வேலையை முழுசாக முடிப்பது மட்டும் அவனுக்கு வராது. கடைசி ஆணி பாக்கி இருக்கும்போதே கால் பரபரக்கும், மனம் அடுத்த வேலைக்குத் தாவிவிடும். போன இடத்திலெல்லாம் இதனாலேயே சீட்டுக் கிழிந்தது.

புதிதாகத் திறக்கவிருந்த அறிவியல் காட்சிக்கூடத்தில் சேரும்போதே மேனேஜர் அம்மா சொல்லிவிட்டார். "திறப்பு நாளன்னைக்கு எதாவது ஆடுச்சுன்னா, நீங்க கிளம்பிடலாம்."

"இந்த வேலையையாவது ஒழுங்கா பாருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள் மனைவி.

அவன் பொறுப்பில் ஒரு மேசை. அதன்மேல் ஒரே அளவில் நான்கு பந்துகள், வானத்தில் இருக்கும் நாலு உருண்டைகளுக்கு மாதிரி; எது எவ்வளவு அடர்த்தியோ அந்தப் பந்து அவ்வளவு கனம். யார் வேண்டுமானாலும் தூக்கிப் பார்க்கலாம். பூமி கையைக் கீழே இழுக்கும். சூரியனோ, வானத்தில் அத்தனை பெரிய ஆள், அதே அளவு எடுத்தால் பூமியின் கனத்தில் கால் பங்குதான். சனியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். நான்காவது, எரிந்து ஓய்ந்து சுருங்கிப்போன ஒரு நட்சத்திரம். சூரியனின் சரக்கையெல்லாம் பூமியளவு உருண்டைக்குள் அமுக்கிவிட்டது போல. அந்தக் கனத்துக்கு எங்கே போவது? யாராலும் தூக்க முடியாதபடி பந்தை மேசையோடு போல்ட் போட்டுவிடச் சொன்னார்கள்.

அந்த போல்ட்தான் அவன் நிம்மதியைக் கெடுத்தது. முறுக்கினான். போய்விட்டு வந்து மறுபடியும் முறுக்கினான். சாப்பாட்டில் கை வைத்தாலும் போல்ட், சட்டையை மாட்டினாலும் போல்ட். திறப்பு நாள் காலையில் மனைவியையும் மச்சினனையும் வாசலிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய் இன்னொரு முறுக்கு.

கூட்டம் வந்தது. சூரியனைத் தூக்கி ஏமாந்தார்கள், நட்சத்திரத்திடம் தோற்றுச் சிரித்தார்கள். பம்பரம் பக்கத்திலேயே நின்று அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மச்சினன் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான்.

"தள்ளுங்க மாமா, நான் தூக்கிக் காட்டுறேன்."

"வேணாண்டா, அது நட்சத்திரம்டா!"

"இருந்துட்டுப் போகட்டும்."

பல்லைக் கடித்து ஒரு இழு. பந்து மேசையை விடவில்லை, மேசைதான் தரையை விட்டது. பந்து பந்து என்று அலைந்தவன் மேசைக்கால்களைத் தரையோடு பூட்ட மறந்தே போயிருந்தான். சூரியன் உருண்டோடியது. பூமி தொம்மென்று விழுந்தது. நல்லவேளை, யார் காலிலும் விழவில்லை. பம்பரம் ஒரே தாவலில் மேசைமேல் ஏறி உட்கார, மேசை தடாலென்று இறங்கியது.

மேனேஜர் அம்மா வந்து குனிந்து பார்த்தார். அவன் மேசைமேல் இருந்தபடியே சொன்னான்.

"தரைக்கு போல்ட் போடலை மேடம். மறந்துட்டேன்."

"தெரியுது." அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார். அது வாசலுக்கு வெளியேயும் நீண்டிருந்தது. "கடைசி ஆள் போற வரைக்கும் அங்கேயே உட்காருங்க. எந்திரிச்சா வேலை இல்ல."

மாலைவரை பிள்ளைகள் வந்து வந்து நட்சத்திரத்தை இழுத்தார்கள். அவனுக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது, எழுந்து ஓடத் துடித்தான், எழவில்லை. மனைவி எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் அவள் பார்த்ததே இல்லை. ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.