அருவிக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

கடைச் சுவருக்குச் சீனரிப் படம் ஒட்டுவதா, ஸ்டிக்கர் ஒட்டுவதா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. என் கல்யாணப் பேச்சுகூட அவ்வளவு நீளவில்லை. என்னை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்து, பேசி, முடித்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. காரைக்குடியில் ஒரு பழைய கட்டடத்தின் முன்பகுதியை வாங்கி என் மாமனார் மேட்சிங் பிளவுஸ் கடை வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில். கல்லாவில் உட்கார வெளியாள் எதற்கு, மருமகள் இருக்கிறாளே என்று என்னை உட்கார்த்திவிட்டார்கள். காலையில் மாமாவோடு வருவேன், கடை அடைத்ததும் மாமாவோடு போவேன். பி.ஏ. படித்த புள்ளை, கல்லாவைப் பொறுப்பாகப் பார்க்கிறது என்று ஊரெல்லாம் பெருமை வேறு. அந்தப் பெருமையை நான் கேட்டேனா?

கடை தெருமுனையில் இருந்தது. வாசல் ஆள் நடமாட்டமில்லாத சின்னத் தெருவைப் பார்த்தது. கல்லாவுக்கு நேர் எதிர்ச் சுவரில் இருந்த ஜன்னல்தான் பஸ் போகிற ரோட்டைப் பார்த்தது. தேவகோட்டைக்கும் திருப்பத்தூருக்கும் போகிற பஸ்கள், பள்ளிக்கூடம் விட்டுக் குடையோடு போகிற டீச்சர்கள், கடைசிப் படியில் தொங்குகிற காலேஜ் பையன்கள் எல்லாம் அதில் தெரிவார்கள். யார் எங்கே போனால் எனக்கென்ன? இருந்தாலும் பார்ப்பேன். போகிறவர்களைப் பார்த்தால் நானும் கொஞ்சம் போய்விட்டு வந்த மாதிரி இருக்கும். நாள் முழுக்க எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

மதுரையிலிருந்து ஓர் ஏஜெண்ட் இரண்டு ஆல்பங்களோடு வந்தார். ஒன்றில் பெரிய சீனரிப் படங்கள். எட்டுத் தாள்களைச் சேர்த்து ஒட்டினால் ஒரு சுவரே பனிமலையாகும், இல்லை அருவியாகும். இன்னொன்றில் ஸ்டிக்கர்கள். பூ, கொடி, மயில் என்று வெட்டி வைத்திருப்பார்கள், பின்தாளை உரித்து ஒட்ட வேண்டியதுதான்.

"சீனரி ஒட்டுனீகன்னா கடையே ஏ.சி. போட்ட மாதிரி இருக்கும்ங்கய்யா. ஆனா செவரு முழுசா வேணும். அங்குட்டு ஜன்னல் இருக்குல்ல, அதைப் பலகை அடிச்சு மூடிறணும்" என்றார் அவர்.

ஒருநாளும் குறுக்கே பேசாதவள் வாயைத் திறந்தேன். "மாமா, ஸ்டிக்கரே போதும் மாமா. செவரு வழுவழுன்னு இருக்கு, நல்லாப் பிடிக்கும். அழுக்கானா ஈரத்துணியால தொடச்சுக்கலாம். தீவாளிக்கு ஒண்ணு, பொங்கலுக்கு ஒண்ணுன்னு மாத்திக்கலாம். ஜன்னலைச் சுத்திக் கொடி விட்டா லட்சணமா இருக்கும்."

"தங்கச்சி சொல்றது வாஸ்தவந்தான்ங்கய்யா. இந்தப் பழைய செவத்துல மைதாப் பசை நிக்காது. கொத்தி விட்டுத்தான் தாளை ஒட்டணும்" என்றார் ஏஜெண்ட். விற்கிறவர் வாயிலிருந்தே என் கட்சிக்கு ஒரு ஓட்டு! ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒரு வாரம் யோசித்து மாமா தீர்ப்புச் சொன்னார். "ஸ்டிக்கரெல்லாம் ஆட்டோவுல ஒட்டுறதுத்தா. செவத்துல அங்கொண்ணு இங்கொண்ணுன்னு பூவை ஒட்டி வச்சா, மிச்சத்துக்குக் காசில்லையாக்கும்னு கேப்பாக. நம்ம ஊருல எதைச் செஞ்சாலும் நெறைக்கச் செய்யணும்."

'எனக்கு ரோட்டைப் பாக்கணும் மாமா' என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? புருஷன் வெளிநாட்டில் இருக்கிறான், மருமகள் ரோட்டைப் பார்க்க ஜன்னல் கேட்கிறாள் என்றால் சொந்தக்காரர்கள் வாயை எதை வைத்து அடைப்பது? பூவையும் கொடியையும் பற்றிப் பேசலாம். ஜன்னலைப் பற்றிப் பேச முடியாது.

முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் போட்டு இழைத்த சுவர் அது. உளியை வைத்து அம்மைத் தழும்பு மாதிரி கொத்தினார்கள். ஜன்னலில் பிளைவுட் அடித்தார்கள். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசையை வாளியில் கரைத்துத் தாள் தாளாக ஒட்டினார்கள். சாயங்காலம் எந்த நாட்டு அருவியோ வந்து நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

இதோடு போயிற்றா என்றால், இல்லை. மறுநாளே கானாடுகாத்தானிலிருந்து துணி எடுக்க வந்த ஓர் ஆச்சி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தார்.

"ஆத்தாடி! தண்ணி பூரா வாசலப் பாத்துல்ல ஓடுது? இங்க எப்புடி லெச்சுமி தங்குவா?"

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. ஊரெல்லாம் வாஸ்து பிடித்து ஆட்டிய காலம். படத்தை உரித்துவிடுவார், ஜன்னல் வந்துவிடும் என்று நான் உள்ளுக்குள் ஆச்சியைக் கும்பிட்டேன். அவரோ வேறு வழி கண்டுபிடித்தார். படத்தில் தண்ணீர் ஓடி வருகிற வாசல்பக்க மூலையில் கல்லாவைப் போட்டு, அதற்கும் வாசலுக்கும் நடுவில் பெரிய துணி அலமாரியை நிறுத்திவிட்டார். "அணை கட்டியாச்சுத்தா! இனி ஒரு சொட்டு வெளிய போவாது" என்றார். அணைக்குள் நான். முதுகுக்கு வாசல்பக்கச் சுவர், ஒரு பக்கம் அருவி ஒட்டிய சுவர், மறுபக்கம் அலமாரியின் பின்பலகை. எதிரே மேசை. வெளியே வர மேசைப் பலகையைத் தூக்க வேண்டும். படத்தை மாற்ற மனசு வரவில்லை, ஆளை இடம் மாற்றிவிட்டார்கள்.

பஸ் ஹாரன் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். எந்த ஊர்ப் பஸ் என்று தெரியாது. வருகிறவர்கள் எல்லாம், "ஒனக்கென்னத்தா, குத்தாலத்துலயே உக்காந்திருக்க" என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

சித்திரையில் ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. கடையில் யாரும் இல்லை. மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் அருவியின் நடுவில் குத்தி, சர்ரென்று கீழே வரை கிழித்தேன். கிழித்த இடத்தில் பிளைவுட். அதை நெம்பினேன். ஆணி அசையவில்லை. நகம்தான் பிய்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

மாமா சாப்பிட்டுவிட்டு வந்தார். கிழிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாந்தேன் மாமா கிழிச்சேன். என்னால முடியல, மூச்சு முட்டுது."

ஒரு வார்த்தை திட்டவில்லை அவர். திட்டியிருந்தால் நானும் பேசியிருப்பேன், அன்று எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்து, ஒரு காகிதச் சுருளோடு திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பிரித்தால், நீளமான கொடியில் ரெண்டு கிளி. ஸ்டிக்கர்.

"ஆசப்பட்டுக் கேட்டுச்சு புள்ள, நாந்தேன் காதுல வாங்கல" என்று சொல்லிக்கொண்டே கிழிசலைச் சேர்த்துப் பிடித்து, அதன்மேல் கொடியை ஒட்டினார். "இப்பத் திருப்திதானத்தா?"

"திருப்தி மாமா" என்றேன். அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்ல?

நன்றாகப் பிடிக்கட்டும் என்று, உள்ளங்கையை வைத்து அவர் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.