சோதனை ஓட்டத்தில் ஒரு தூக்கம்

பதினொரு வருஷத்துக்கு முன்னால், மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற ஒரு கம்பெனி இருந்தது. அங்கே சீட் தைக்கும் பிரிவில் ஏழு பெண்கள். அவர்களில் ஒருத்தி மோகனப்ரியா. ஹனூர் பக்கம் ராமாபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ரெக்ஸின் தைப்பதில் அவள் கைவேகம் மற்ற ஆறு பேருக்கும் கிடையாது. புது டிசைன் எது வந்தாலும் சூப்பர்வைசர் ரத்தினவேல் முதலில் அவள் மெஷினுக்குத்தான் கொண்டுவருவார். வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவளுக்கு அதில் பெருமைதான்.

அந்த வருஷம் ஆடியில் நாள் தள்ளிப்போனது. செய்தி கேட்டு மாமியார் கௌரம்மா ஊரிலிருந்து போன் பண்ணினார். "கண்ணு, மூணு மாசம் முடியற வரைக்கும் வெளிய மூச்சு உடாத. வேல செய்யற எடத்துலயும் வேண்டாஞ் சாமி."

மோகனப்ரியாவும் சொல்லவில்லை. ஆனால் உடம்பு சும்மா இருக்கவில்லை. வாந்தி வரும், தலை சுற்றும் என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தாள். இப்படி ஒரு அசதி வரும் என்று யாரும் சொன்னதில்லை. காலையில் எட்டரைக்கு மெஷினில் உட்காரும்போது நன்றாகத்தான் இருப்பாள். பத்தரை ஆனால் போதும், தோள் இறங்கிவிடும், கண் சொருகும். மிதியில் வைத்த கால் யாருடைய காலோ என்று இருக்கும். ஒருநாள் சீட்டில் தலை சாய்க்கிற பகுதியின் உறையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் தைத்து வைத்தாள். நான்கு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. யாரும் பார்ப்பதற்குள் பிரித்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிரித்துவிட்டார். "உள்ளே உடம்பு ஓவர்டைம் பாக்குதம்மா. ரத்தமும் கொஞ்சம் கம்மியா இருக்கு, மாத்திரை தர்றேன். வயித்தைக் காலியா விடாதே, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடு. தூக்கம் வந்தா தூங்கு."

தூக்கம் வந்தால் தூங்குவதா? எங்கே தூங்குவது? மோகனப்ரியா தனக்கென்று சில வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டாள். கடினமான தையலையெல்லாம் பத்து மணிக்குள் முடித்தாள். பையில் பொரியும் கடலையும் வைத்துக்கொண்டு யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுக்கொண்டாள். பாத்ரூம் சுவரில் தலையைச் சாய்த்து இரண்டு நிமிஷம் நின்றாள். ஃபோமை ஒட்டுகிற சொல்யூஷன் வாடையைத் தாங்க முடியவில்லை. அலர்ஜி என்று சொல்லி, அந்த வேலையைப் பக்கத்து மெஷின் தேவம்மாவிடம் மாற்றிக்கொண்டாள். தேவம்மா கொள்ளேகால்காரி, ஐம்பது வயது. ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் ஏழரைக்கே படுத்துவிடுவாள். கணவன் மனோஜ்குமார் நஞ்சன்கூடு ஃபேக்டரியிலிருந்து வந்து தானே உப்புமா கிண்டுவான். அதில் பெரும்பாலும் உப்பு இருக்காது.

அந்த வியாழக்கிழமை ஒரு ஸ்லீப்பர் பஸ் வேலை முடிந்து முற்றத்தில் நின்றிருந்தது. அதன் பெர்த் எல்லாவற்றுக்கும் உறை தைத்தது அவள்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடைசி பெர்த்தில் ஒரு தையலைப் பார்த்துவிட்டு வரலாமென்று, தேவம்மாவிடம்கூடச் சொல்லாமல் ஏறினாள். தையல் சரியாகத்தான் இருந்தது. புது ஃபோம். கையை வைத்ததும் அமுங்கிக் கொடுத்தது. பத்தே நிமிஷம் என்று திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து சைரன் ஊதியது அவள் காதில் விழவில்லை.

கண் விழித்தபோது ஜன்னலில் சாமுண்டி மலை நகர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பிறகுதான் உறைத்தது, நகர்வது மலை இல்லை என்று. பஸ்ஸைச் சோதனை ஓட்டத்துக்கு எடுத்துவிட்டார்கள். ரிங் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க! நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

"மாதேஸ்வரா!" என்று முன்னாலிருந்து ஒரு குரல் அலறியது. பஸ் குலுங்கி, ஓரமாக நின்றது. தலை நரைத்த டிரைவர் ஒருவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நடுவழியில் வந்தார். "ஏனம்மா இது! வண்டியில பேய் ஏறிட்டுதுன்னு நெனச்சேன்."

"சீட் செக்‌ஷனுங்க. கண் அசந்துட்டனுங்க."

"ஒடம்பு சரியில்லையா?"

இல்லை என்று தலையாட்டினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ரெண்டரை மாசமுங்க."

வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரிடமும் அதுவரை சொல்லாத வார்த்தை. பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் போய்ச் சொன்னாள். அவர் பெயர் மல்லப்பன் என்பதை அப்புறம்தான் கேட்டுக்கொண்டாள். கன்னடக்காரர். மாதேஸ்வரன் மலையிலிருந்து பாலாறு வழியாக மேட்டூருக்கு எட்டு வருஷம் பஸ் ஓட்டியதில் தமிழ் வந்திருந்தது.

மல்லப்பன் இறங்கிப்போய் ஒரு இளநீர் வாங்கிவந்தார். அவள் குடிக்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க பெரிய பொண்ணு வயித்துல இருக்கறப்போ, என் ஹெண்டதி, அதான் சம்சாரம், அடுப்பு முன்னாடியே ஒக்காந்து தூங்குவா. சோம்பேறின்னு திட்டினேன். அப்போ எனக்குத் தெரியல."

"இப்ப அவங்களுக்கு அது ஞாபகம் இருக்குங்களா?"

"தினமும் இருக்கு," என்றார் மல்லப்பன். "போய் படு. இன்னும் பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டணும். பெர்த் எப்படி இருக்குன்னு சொல்லு."

கம்பெனி கேட்டில் ரத்தினவேல் நின்றிருந்தார். "ஒரு மணி நேரமா தேடறோம்! வேல நேரத்துல எங்க போன?"

"பெர்த் டெஸ்ட் பண்ண நான்தான் சார் கூட்டிட்டுப் போனேன்," என்று மல்லப்பன் ஆரம்பித்தார்.

"இல்லீங்க சார்," என்றாள் மோகனப்ரியா. "சாப்பாட்டு நேரத்துல ஏறிப் படுத்தேன், தூங்கிட்டனுங்க. மாசமா இருக்கறனுங்க."

ரத்தினவேல் கையிலிருந்த பேனாவையே பார்த்தார். "மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மெஷின வேற ஆளுக்குக் குடுத்துருவீங்கன்னு பயமுங்க."

"ஒம் மெஷின்ல எவ வந்து ஒக்காருவா? சொல்யூஷன் பக்கம் மட்டும் போகாத." ஏற்கெனவே அவளுக்கு அரை நாள் லீவு என்று எழுதியிருந்ததை மட்டும் அவர் மாற்றவில்லை.

உள்ளே போனதும் தேவம்மா காதைப் பிடித்துத் திருகினாள். "எனக்கு மூணு வாரமாத் தெரியும் கணே, தெரியும்டி. அலர்ஜியாம் அலர்ஜி! நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

மறுநாளே ஃபோம் ரோல்களுக்குப் பின்னால் ஒரு இடம் தயாரானது. வெட்டி மிஞ்சிய துண்டுகளை அடுக்கி, மேலே பழைய புடவை விரித்திருந்தார்கள். பதினொன்றிலிருந்து பதினொன்றே கால் வரை மோகனப்ரியா அங்கே படுக்கலாம். அந்தக் கால் மணி நேரம் அவள் மெஷினில் முறை வைத்து மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். ரத்தினவேல் அந்த நேரம் பார்த்து ஸ்டோருக்குப் போய்விடுவார். ஆறு மெஷின் ஓடுகிற சத்தத்தில் அவளுக்கு அப்படி ஒரு தூக்கம் வரும்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. ஏழு பேரும் ஏழு திக்கில் இருக்கிறார்கள். மோகனப்ரியா மேட்டகள்ளியில் வீட்டிலேயே கார் சீட்டுக்கு உறை தைக்கிறாள். மகள் தாரணிக்குப் பத்து வயது, தமிழைவிடக் கன்னடம் சரளம். ரிங் ரோட்டில் போன அந்த பஸ் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். ஃபோம் துண்டுப் படுக்கையைப் பற்றி மோகனப்ரியா அவளிடம் அதிகம் சொன்னதில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அப்போது அவளுக்கு நான்காம் மாதம் பிறந்து ஒரு வாரம் இருக்கும். பதினொரு மணி ஆயிற்று. தேவம்மா கண்ணைக் காட்டினாள். மோகனப்ரியா எழுந்து போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. தோளில் பாரமில்லை, கண்ணில் எரிச்சலில்லை. எல்லாம் எப்போது போயிற்று என்றே தெரியாமல் போய்விட்டிருந்தது. எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்திருக்கலாம்.

அவள் எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் பதினொரு மணிக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவள் மாதிரியே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரோல்களுக்கு அந்தப் பக்கம் அவர்கள் குரலைத் தாழ்த்தி, பிறக்கப் போவது பெண்ணா பையனா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.