பதினேழாம் பக்கத்து மாறிலி

ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் ஒரு மணி நேரம். பாரதி ஆராய்ச்சி செய்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். வேலூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறார். வாரத்துக்குப் பதினெட்டு வகுப்பு, மிச்ச நேரமெல்லாம் விடைத்தாள். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் மடியில் நோட்டு விரியும்.

அவர் துறை நேரியல் அல்லாத அலைச் சமன்பாடுகள். அந்த அலைகளில் பெரிதானவை ஒரு கட்டத்தில் உடைந்துபோகும். தொடக்கத்தில் அலை போதுமான அளவு சின்னதாக இருந்தால் என்றைக்குமே உடையாது என்று ஒரு வகைச் சமன்பாட்டுக்கு அவர் நிரூபித்தார். ஒன்பது வருட உழைப்பு, வெளிநாட்டு இதழில் இருபத்தாறு பக்கம். அதை நம்பித்தான் நாற்பத்து மூன்று வயதில் அரசுப் பல்கலைக்கழக இணைப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்காணல் வியாழக்கிழமை.

திங்கட்கிழமை, குடியாத்தம் தாண்டும்போது, நேர்காணலுக்காகக் கட்டுரையைத் திரும்பப் படித்தவர் பதினேழாம் பக்கத்தில் நின்றுவிட்டார். அவர்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. கணக்கின் நடுவே வரும் மாறிலிகளுக்குத் தனித்தனிப் பெயர் வைப்பதில்லை. வரிக்கு வரி மதிப்பு வேறானாலும் எல்லாவற்றையும் 'சி' என்றே எழுதிக்கொண்டு போவார்கள். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு சி, மாறிலியே இல்லை. நேரம் கூடக்கூட அதுவும் கூடியது. 'என்றைக்குமே' போய் 'கொஞ்ச காலத்துக்கு' என்பதுதான் மிஞ்சியது. அது முப்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

துறைத் தலைவர் கோதண்டபாணி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "வியாழக்கிழமை போவட்டும்மா. வேலை ஆர்டர் கைக்கு வந்ததும் ஜர்னலுக்கு எழுதுங்க. இன்டர்வியூல உக்கார்றவங்க பதினேழாவது பக்கம் வரைக்குமா படிக்கப் போறாங்க?"

கணவர் செல்வகுமார் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிப்பவர். "இன்னா பாரதி, நாங்க கீறல் மேலயே ஃபினிஷ் அடிச்சி ஜெர்மனிக்கு அனுப்பறோம். உன் கீறல் எவன் கண்ணுக்குத் தெரியப் போவுது?"

"எவனுக்கும் தெரியாது. அதான் பேஜாரு."

"சரி பண்ண முடியாதா?"

"மூணு நாள்லயா?"

"மூணு வருஷத்துல?"

பாரதி நோட்டை மூடி வைத்தார்.

புதன்கிழமை காலை ரயிலில் இருந்தபடியே இதழாசிரியருக்கு எழுதினார்: தேற்றம் தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். மறுநாள் நேர்காணலில் முதல் கேள்வியே அந்தக் கட்டுரை பற்றியதுதான். நேற்று வாபஸ் வாங்கிவிட்டதாகச் சொன்னார்.

"அப்ப வேற என்னம்மா இருக்கு?" என்றார் நடுவில் உட்கார்ந்திருந்தவர். ஏழு நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. அந்தத் தேற்றத்தை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் நான்கு. எழுதிய நான்கு பேருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் போட்டார்: உங்கள் முடிவும் பாதிக்கப்பட்டிருக்கலாம், மன்னிக்கவும். மூன்று பேரிடமிருந்து பதில் இல்லை. நான்காமவர் உடனே எழுதினார்: கவலை வேண்டாம், முன்னுரையில் உங்கள் பெயரைக் குறிப்பிட்டதோடு சரி, தேற்றத்தை நாங்கள் எங்குமே பயன்படுத்தவில்லை.

"இன்னா சொல்றான்?" என்றார் செல்வகுமார்.

"யாருக்கும் நஷ்டம் இல்லியாம்."

சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டைப் பிரித்தார் பாரதி.