ஏழு மணிப் பெட்டி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மகளின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்த எக்ஸ்ரே இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்குத் தச்சு வேலை. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மகளுக்கு ஐந்து வயது. வாலு என்றுதான் கூப்பிடுவோம், பொருத்தமான பெயர். சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாமே டேப்லெட்டோடுதான். படுக்கப் பதினோரு மணி ஆகும். பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிவாள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாத் திரையையும் நிறுத்தச் சொன்னார் டாக்டர். எனக்குத் தெரிந்த வழியில் நிறுத்தினேன். முதுகில் ஒன்று போட்டுப் பிடுங்குவேன். அவள் கத்துகிற கத்தலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வருவார். கடைசியில் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிடுங்கினால் காலம் பூரா இதே கூத்துதான், அவளே கொடுக்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றாள்.

ஒரு பெட்டி செய்தேன். கனமான பிளைவுட். உண்டியல் மாதிரி மேலே மூன்று விரல் அகலத்தில் நீளத் துளை. முன்னால் பூட்டு வைத்த கதவு. ஹால் சுவரில், அவள் நெஞ்சு உயரத்தில், நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். ஏழு மணிக்கு அவளே உள்ளே போட வேண்டும். காலையில் நான் சாவி போட்டு எடுப்பேன்.

திங்கட்கிழமை, மாலை 7:00. போட்டாள். அழவே இல்லை. ஏழரைக்கெல்லாம் தூங்கியும் விட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. படுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பெட்டியின் ஆழம் ஒன்றரை அடி. டேப்லெட் கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை.

செவ்வாய், 7:00. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தமே இல்லை. யாரோ கையில் வாங்கிக்கொண்ட மாதிரி. 7:06க்குத் துளை வழியே நீல வெளிச்சம். சார்ஜ் தீர்ந்த டேப்லெட் அது. கதவைத் திறந்தேன். அணைந்துதான் கிடந்தது. ஆனால் கண்ணாடி சூடாக இருந்தது.

புதன், 7:00. வாலு துளையில் வாயை வைத்துக் கிசுகிசுத்தாள். யாரோடு பேச்சு என்று கேட்டேன்.

"தம்பிகிட்டப்பா. தினமும் அவனே எடுத்துக்கிறான். நாளைக்குத் தர மாட்டேன்னு சொல்லிட்டேன்."

எங்களுக்கு இவள் ஒரே பிள்ளை. ஆனாலும் பெட்டியைக் கழற்றவில்லை. பிள்ளை நேரத்துக்குத் தூங்குகிறாளே என்ற ஆசை. தப்பு என்னுடையதுதான்.

வியாழன், 6:59. டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு அதட்டல் போட்டேன். பாதி நுழைத்தாள். விடாமல் பிடித்துக்கொண்டாள்.

7:00.

உள்ளிருந்து இழுத்தது. டேப்லெட்டோடு அவள் கையும் போனது.

"அப்பா… விட மாட்டேங்கிறான்…"

முழங்கை வரை. பிறகு தோள் வரை. டம்… டம்… அவள் கன்னம் பலகையில் மோதியது. உதடு கிழிந்தது. மனைவி இடுப்பைப் பிடித்து இழுத்தாள். நான் சாவியைத் திருப்பினேன். பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே யாரோ பிடித்திருந்தார்கள்.

மளுக்.

எலும்பு.

சுத்தியலும் ஒரு இன்ச் உளியும் எடுத்தேன். கதவில் இறக்கினேன். ஒன்று… இரண்டு… மூன்றாவது அடியில் பலகை பிளந்தது.

பிளவுக்குள் ஒரு கை.

சின்னக் கை.

வாலுவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

அதன் மேல் உளியை இறக்கினேன். முழுக் கோபத்தோடு.

உள்ளே அலறியது… குழந்தை மாதிரி.

பிடி விட்டது. 7:04.

பெட்டியில் டேப்லெட் மட்டும்தான். உளியில் ரத்தம். வாலுவின் கையில் வெட்டுக்காயம் எதுவும் இல்லை. ஐந்து குட்டி விரல்களின் தடம் மட்டும்.

இரவு 8:15. ஆஸ்பத்திரி. உள்ளே அவளுக்கு மாவுக்கட்டு போட்டார்கள், மனைவி கூட இருந்தாள். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் நாலு வயதுப் பையன். அவன் கையில் சுற்றிய துண்டு ரத்தத்தில் நனைந்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"தூங்கிட்டு இருந்தான் சார். ரூம்ல வேற யாருமே இல்ல. ஏழு மணி இருக்கும், அலறினான். ஓடிப் போய்ப் பார்த்தா இப்படி. உளியால குத்தின மாதிரி இருக்குன்னு டாக்டர் என்னையே முறைக்கிறார்."

பையன் ஃபோன் பார்ப்பானா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

"திங்கட்கிழமையிலிருந்து நிறுத்திட்டோம். அதிசயமா அடமே பிடிக்கல. அக்கா தருவாங்கன்னு சொல்லிட்டு, ஏழு மணிக்குத் தானாப் படுத்துப்பான்."

பையன் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"இந்த மாமாதான்பா."

பயத்தில் உளறுகிறான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார் அவர்.

மூன்றாம் நாள் மாவுக்கட்டைக் காட்டப் போனபோது நர்ஸ் சொன்னார். பெற்ற பிள்ளையைக் குத்தியதாக அந்த அப்பாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். வீடு முழுக்கத் தேடியும் உளி கிடைக்கவில்லையாம்.

நான் வாயைத் திறக்கவில்லை.