தக்கையை மறைத்த சனிக்கிழமை

பாசி கிடக்கிற கடலில் தூண்டில் போடுகிறவனுக்குக் கிறுக்கு என்று பினாங்கில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். காற்று மாறுகிற மாதங்களில் தஞ்சோங் பூங்கா கடற்கரையில் பாசி முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கும். வலைக்காரர்கள் படகை மணலில் ஏற்றிப் போட்டுவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்கள். அந்த நாட்களில்தான் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீசில் என் கையெழுத்தையோ என் இங்கிலீஷையோ யாரும் மெச்சியதில்லை. பாசிக் கடலிலும் மீன் பிடிக்கிறவன் என்ற ஒரே பேர்தான் எனக்கு இருந்தது.

பாசித் தண்ணீரில் எல்லாரும் செய்கிற தப்பு, பலம் உள்ள மட்டும் தூர வீசுவது. திரும்ப இழுக்கும்போது கயிறு வழியில் கிடக்கிற பாசியையெல்லாம் வாரிக்கொண்டு வரும். மீனுக்குப் பதில் ஒரு கட்டு வைக்கோல் கரையேறும். நான் முதலில் மணல்மேட்டில் நின்று கால் மணி நேரம் சும்மா பார்ப்பேன். பாசி கரையோரமாகப் பட்டை பட்டையாகக் கிடக்கும். அலை திரும்பிப் போகிற இடத்தில் அந்தப் பட்டை அறுந்து, தண்ணீர் கறுத்துத் தெரியும். வீச வேண்டிய இடம் அதுதான். அதுவும் தண்ணீர் ஏறும்போதுதான்; இறங்கும்போது பாசி முழுக்க அங்கேதான் வந்து அடையும். வீசிய பிறகு தூண்டில் மூங்கிலை உயர்த்திப் பிடித்தால் கயிறு அலைக்கு மேலே நிற்கும். முள்ளின் நுனி வெளியே தெரியாமல், இரையாகக் கோத்த இறாலுக்குள் புதைந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். என்னிடம் இருந்த இரகசியம் தக்கை. முள்ளுக்கு ஒரு சாண் பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவு புட்டித் தக்கை ஒன்றைக் கயிற்றில் கோத்துவிட்டால், ஈயக்குண்டு பாசிக்குள் முங்கிக் கிடந்தாலும் இரை மட்டும் பாசிக்கு மேலே எழும்பி நிற்கும். மீன் கண்ணில் படும். இது என் மூளை கண்டுபிடித்தது அல்ல, என் மறதி கண்டுபிடித்தது. முள் கையில் குத்தாமலிருக்கக் கயிற்றில் எப்போதும் ஒரு காடிப் புட்டித் தக்கை வைத்திருப்பேன். ஒரு நாள் முள்ளில் இறாலைக் கோத்துவிட்டு, தக்கையைக் கயிற்றிலிருந்து கழற்ற மறந்து வீசிவிட்டேன். அன்றைக்குக் கூடை நிறைந்தது. அதற்குப் பிறகு கரையில் யாராவது என் பக்கம் நடந்து வந்தால் தக்கையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். அவ்வளவு பெரிய மனுஷன் நான்.

என் மேசைக்குப் பக்கத்து மேசையில் ஒரு புதுக் கிராணி வந்து சேர்ந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம். என்னைவிட எட்டு வயது இளையவன், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். வாய்த்துடுக்கு கொஞ்சம் உண்டு. ஒரு திங்கட்கிழமை நான் மீன் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, கடல்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா? வா வான்னா வந்துடுதே" என்றான். ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. அதை அவன் அன்றே மறந்திருப்பான். நான் மறக்கவில்லை.

அவன் பெண்சாதிக்குப் பிரசவமாகிப் பத்து நாள் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மேசையருகே வந்து நின்றான். சிரிப்பு இல்லை.

"அண்ணே, வீட்டுல அவளுக்குப் பால் ஊறவே இல்ல. பிள்ளை ராவும் பகலும் கத்துது. மருத்துவச்சி பால்சுறா ஆக்கிக் குடுன்னு சொல்றா. பாசார்ல மீன்காரன்ட்ட தினம் கேக்குறேன். பாசியில வலை போட முடியல, சுறா எங்க வரும்ங்கறான். நீங்கதான் இந்தக் கடல்லயும் பிடிப்பீங்களே. நாளைக்கு நானும் வர்றேன் லா."

பால்சுறா என்றால் முழ நீளத்துக்கு உள்ளே இருக்கும் குட்டிச் சுறா. வேக வைத்து, உதிர்த்து, பூண்டும் மஞ்சளும் போட்டுப் புட்டாகக் கிளறிக் கொடுப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு அதைக் கொடுத்தால் மூன்றாம் நாள் பால் இறங்கும் என்பது எங்கள் வீடுகளில் கேள்வியே இல்லாத விஷயம். நானும் அப்படித்தான் நம்பினேன். என் மூன்று பிள்ளைகளுக்கும் அப்படித்தான் நடந்தது.

"வா தம்பி, பிடிச்சிடலாம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் இரண்டு பேரும் போனோம். அவன் ஒரு மூங்கிலை இரவல் வாங்கி வந்திருந்தான். பாசி அறுகிற இடத்தைக் காட்டினேன், மூங்கிலை உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன், முள்ளைப் புதைத்தும் காட்டினேன். தக்கையைக் கோக்க வேண்டிய நேரம் வந்தபோது அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இவனுக்குக் காட்டினால் திங்கட்கிழமை ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு புட்டித் தக்கையை வைத்துக்கொண்டா இவ்வளவு நாள் அலட்டினீர்கள் என்று கேட்பான். தக்கை என் பையிலேயே இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. நான்கு மணி நேரம் நானும் தக்கை இல்லாமலே வீசினேன். இரண்டு பேருக்கும் பாசிதான் வந்தது. உள்ளங்கையைக் கயிறு அறுத்து இரத்தம் கசிந்தும் அவன் விடவில்லை. இருட்டுகிற நேரத்தில், "பரவால்லண்ணே, உங்களுக்கே சிக்கல, நான் எம்மாத்திரம்" என்று என்னைத் தேற்றினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் நான் தனியாக அதே இடத்துக்குப் போனேன். அவனுக்காகத்தான் போனேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். தக்கையைக் கோத்து வீசினேன். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பால்சுறா ஏறிவிட்டது. கூடையில் போட்டு மூடி, சைக்கிளை ஜெலுத்தோங் பக்கம், அவன் வீட்டை நோக்கி மிதித்தேன். பாதி வழியில்தான் அந்த யோசனை வந்து உட்கார்ந்தது. நேற்று நான்கு மணி நேரம் கிடைக்காதது இன்றைக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பானே? என்ன பதில் சொல்வேன்? எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். படகுக்காரன் கொடுத்தான் என்றால் போதும். அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை, அல்லது தோன்ற நான் விடவில்லை. சைக்கிளைத் திருப்பி என் வீட்டுக்குப் போனேன்.

என் மனைவி கூடையைத் திறந்து பார்த்ததும் கேட்டாள். "ஏங்க, உங்க ஆபீஸ் தம்பி பொண்டாட்டிக்குப் பால் இல்லன்னீங்களே. ரெண்டையும் குடுத்துட்டு வாங்களேன்."

"அவங்களுக்கு நேத்தே கிடைச்சிருச்சு" என்றேன்.

அவள் புட்டுக் கிளறினாள். சாப்பிட்டேன்.

பிள்ளைக்கு டின் பாலைக் கரைத்துக் கொடுத்தார்கள். அது ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கு கண்டு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இரண்டு வாரம் அலைந்தார்கள். பிறகு ஒரு நாள் ஆபீசுக்கு ஆள் வந்து சொன்னான். கல்லறைக்குப் போகும்போது பெட்டியை அவனே நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தான். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம், ஒரு பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன். மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் என்னைத் தனியே கூப்பிட்டான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு பிள்ளை உயிரோடு இருந்த நாட்களெல்லாம், விடிகாலையில் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டுத்தான் ஆபீசுக்கு வந்திருக்கிறான். எனக்கு அது தெரியாது. பிள்ளை போன பிறகும், வீட்டில் இருக்க முடியாமல் கடற்கரைக்கே போயிருக்கிறான்.

"அண்ணே, உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன், வேற யார்ட்டயும் சொல்லல. இரை பாசிக்கு மேல நிக்கணும், அவ்வளவுதான். ஒரு துண்டு தக்க கட்டினாப் போதும். அன்னிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாமப் போச்சு பாருங்க."

"ஆமா தம்பி" என்றேன். "தெரியாமப் போச்சு."

என் இளைய மகள் பிற்காலத்தில் நர்ஸ் ஆனாள். இந்தக் கதையை அவள் ஒருத்தியிடம்தான் சொன்னேன். சுறாவுக்கும் தாய்ப்பாலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நீங்கள் கொடுத்திருந்தாலும் பால் வந்திருக்காது, விடுங்கள் அப்பா என்றாள். படித்தவள், சரியாகத்தான் சொல்லியிருப்பாள். அவள் சொல்வதைக் கேட்க ஆறுதலாகக்கூட இருந்தது, ஒரு ராத்திரிக்கு. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நர்ஸ் மகள் இல்லை. இது அந்தப் பிள்ளைக்குப் பால் என்று முழுசாக நம்பித்தான் நான் அதைச் சாப்பிட்டேன்.