இரண்டு பொசிட்டிவ், ஒரு நெகட்டிவ்

டென்மார்க்கில் ஸ்கீவ நகர ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை கிடைத்தது. இரத்தம் பட்ட துணிகளும் அங்கே வரும் என்பதால், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுவதற்கு முன் என் இரத்தத்தைச் சோதித்தார்கள். சில நாட்களில் டேனிஷ் மொழியில் ஒரு கடிதம் வந்தது. மூன்று முடிவுகள்: இரண்டு பொசிட்டிவ், ஒன்று நெகட்டிவ். அடுத்த வாரம் வைத்தியரிடம் வரும்படி கீழே எழுதியிருந்தது.

பொசிட்டிவ் என்ற சொல்லை நான் அதுவரை எயிட்ஸ் பற்றிய செய்திகளில்தான் கேட்டிருந்தேன். மற்றச் சொற்கள் அகராதியில் அகப்படவில்லை. எனக்கு நோய் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பக்கத்து அறையில் இருந்த மன்னார்க்காரரும் நானும் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். நான் புதிதாக ஒரு தட்டும் கப்பும் வாங்கி அறைக்குள் வைத்துக்கொண்டேன்.

"என்ன தம்பி, சாப்பிட வரேல்லையோ?" என்று கதவைத் தட்டினார்.

"பசிக்கேல்லை அண்ணை."

நான்காம் நாள் அவர் தட்டவில்லை.

மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அவளைக் கூப்பிட விண்ணப்பித்து ஒன்றரை வருடமாகியும் பதில் இல்லை. எந்தத் தமிழருக்கும் பதில் வரவில்லை என்று தெரியும். இருந்தும் என் இரத்தம்தான் காரணம் என்று நம்பத் தொடங்கினேன். விண்ணப்பம் போட்டு எவ்வளவோ காலத்துக்குப் பிறகுதான் இரத்தமே எடுத்தார்கள் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. அந்த வாரம் அவளுக்குக் கடிதம் எழுதவில்லை.

வைத்தியர் மேசைத் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார். ஓல்போர்க் நகரிலிருந்து மொழிபெயர்ப்பாளர் பேசினார். ஒரு தமிழ்ப் பெண்ணின் குரலைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

"கவனமாக் கேளுங்கோ தம்பி. கிருமி இப்ப உடம்பில இருக்கோ எண்டு பாக்கிறதுதான் நெகட்டிவ். அப்ப கிருமி இல்லை. மற்ற ரெண்டில ஒண்டு, அது எப்பவோ வந்து போனதைக் காட்டுது. மற்றது, அதை எதிர்க்கிற சக்தி உங்களிட்ட இருக்கெண்டு சொல்லுது."

"எனக்குக் கண் மஞ்சளாகிச் செங்கமாரி ஒருநாளும் வரேல்லையே அக்கா."

"சின்னனில வந்து, தெரியாமலே மாறியிருக்குமாம். ஊசி போட்டாக்களுக்கு அந்த எதிர்ப்புச் சக்தி மட்டும்தான் பொசிட்டிவா வரும். உங்களுக்கு இனி ஊசி தேவையில்லை."

"மனுசிக்கு என்னால தொத்துமோ?"

அவர் வைத்தியரிடம் டேனிஷில் கேட்டுவிட்டுச் சொன்னார். "தொத்தாதாம். பயப்பிடாமல் கூப்பிடுங்கோ."

"விசா இன்னும் வரேல்லை அக்கா."

"என்ர பிள்ளையளும் இன்னும் அங்கதான்" என்றார்.

எல்லாம் விளங்கியிருந்தும், "முடிவை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றேன். அவர் அவசரப்படாமல் முழுவதையும் திரும்பச் சொன்னார். வைத்தியர் நேரத்தைப் பார்த்தார். தொலைபேசி வைக்கப்பட்டது.

அன்று பின்னேரம் அண்ணையிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாக அல்ல, அதுதான் கூடுதலாக உறுத்தியது. அடுத்த மாதம் வேலை கிடைத்து அவர் தூரத்து டோஸ்ட்ருப் நகருக்குப் போய்விட்டார்.

மனைவிக்கு அனுமதி வர இன்னும் இரண்டு வருடம் சென்றது. அதுவரை ஒருவருக்கு மட்டும் சமைக்கப் பழகிக்கொண்டேன்.