இரண்டு கேன் மாவும் 192 கிலோ வண்டியும்

192 கிலோ. கலியமூர்த்தி போன ஏப்ரலில் வாங்கிய மோட்டார் சைக்கிளின் எடை அது. கலியமூர்த்தியின் எடை 56, சாப்பிட்ட பிறகு.

வயது நாற்பத்தேழு. ஊர் சின்னசேலம் பக்கம். டெல்லிக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதல் எட்டு வருடம் கட்டட வேலை, அதன் பிறகு மாவு. மனைவி அருக்காணி அரைக்கிறார், இவர் ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்புகளில் கொண்டுபோய் விற்கிறார். பால்காரர்கள் வண்டியின் இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி போட்டுக் கேன் மாட்டுவதைப் பார்த்து இவரும் மாட்டிக்கொண்டார். இடது கேனில் இட்லி மாவு, வலது கேனில் தோசை மாவு, ஒவ்வொன்றிலும் முப்பது கிலோ. வாங்குபவர்கள் பாத்திரத்தோடு கீழே இறங்கி வர வேண்டும். இவர் மாடி ஏறுவதில்லை. காலை ஐந்தேமுக்காலுக்குத் தொடங்கி எட்டரைக்குள் அறுபத்துநான்கு இடங்களில் நிற்கிறார். மொத்தத் தூரம் பதினோரு கிலோமீட்டர்தான்.

அவருக்குப் பிடித்தது அதற்கப்புறம் வரும் தூரம். இரண்டு கேனும் காலியானதும் நேராக வீட்டுக்குப் போகாமல் ரிங் ரோடு ஏறி, தௌலா குவான் வரை போய்த் திரும்புவார். காரணம் எதுவும் இல்லை. அருக்காணிக்கு இது தெரியும். பெட்ரோல் ஏன் அதிகம் ஆகிறது என்று அவர் இதுவரை கேட்டதில்லை.

பழைய வண்டி 110 கிலோ. அதில் பதினான்கு வருடம் ஓட்டினார். பதிமூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை. பதினான்காவது வருடம் இரண்டு தடவை விழுந்தார். முதல் தடவை, புதிதாகப் போட்டிருந்த வேகத்தடையில். இரண்டாம் தடவை மழையில், கேன்கள் பாதி காலியாக இருந்தபோது. நிறைந்த கேனில் மாவு அசையாது. பாதி கேனில் அது ஒரு பக்கம் போய் மறுபக்கம் வரும். வண்டி ஒரு திசையில் திரும்பும்போது மாவு இன்னொரு திசையில் யோசித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாம் தடவை விழுந்த அன்று அருக்காணி ஒரு முடிவு சொன்னார்.

"ரெண்டு தடவ ரோட்டுக்கு இட்லி ஊத்திட்டீங்க. மூணாவது தடவ கொட்டுச்சுன்னா பேட்டரி ரிக்‌ஷா வாங்கிடலாம். அப்பறம் பேசக்கூடாது."

"ரிக்‌ஷாவா? அத ஓட்டுறதுன்னு சொல்லாத. உக்காந்துகிட்டு நகர்றது."

"மாவு நகர்ந்தா போதும்."

மூன்று சக்கரத்தில் ரிங் ரோடு கிடையாது, தௌலா குவானும் கிடையாது. கலியமூர்த்தி இரண்டு வாரம் யோசித்துவிட்டுக் கரோல் பாக் போனார்.

அங்கே பழைய வண்டி விற்கும் தீனா, டெல்லியிலேயே பிறந்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பெரிய கறுப்பு வண்டியின் சீட்டைத் தட்டினான்.

"ஹல்கா வண்டின்னா ஆடும் அங்கிள். இது பாரி வண்டி, வெயிட்டு. ரோட்ட புடிச்சிகிட்டு போகும்."

"கேன் மாட்டலாமா?"

"கேனா? என்னை மாதிரி ரெண்டு பேர மாட்டலாம்."

கலியமூர்த்தி மனசுக்குள் கணக்குப் போட்டார். பழைய வண்டியில் மாவு, வண்டியின் எடையில் பாதிக்கு மேல். இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆகவே மாவு வண்டியை ஆட்டாது. கணக்கு சரிதான். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை சரி.

கேன் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை, காலியான சாலையில் ஓட்டிப் பார்த்தார். பழைய வண்டியை மாற்றாகக் கொடுத்தார். பதினான்கு வருட மாவு வாசனை ஏறிய அதன் சீட்டைத் தீனா முகர்ந்து பார்த்தான்.

முதல் வாரம் கலியமூர்த்தி சந்தோஷமாக இருந்தார். ரிங் ரோட்டில் பஸ் உரசிக்கொண்டு போனால், பழைய வண்டி காற்றில் ஓரடி தள்ளிப் போகும். இது பஸ்ஸைக் கண்டுகொள்ளவே இல்லை. வேகத்தடையில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. கேனுக்குள் மாவு சத்தமே போடவில்லை.

சிக்கல் நிற்பதில் இருந்தது. இவர் ஓட்டுவது பதினோரு கிலோமீட்டர், நிற்பது அறுபத்துநான்கு தடவை. பழைய வண்டி கார்களுக்கு நடுவே ஒரே வளைவில் திரும்பிவிடும். இதைத் திருப்ப முன்னும் பின்னுமாக மூன்று தடவை காலால் தள்ள வேண்டியிருந்தது. நாற்பதாவது நிறுத்தத்தில் கால் நடுங்கியது. உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டார். மொத்த வேலையும் இருபது நிமிடம் தள்ளிப் போனது.

முதல் மாடியில் இருக்கும் உமாமகேஸ்வரி மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அவர் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, நீங்க ஏழு மணிக்கு வந்தா எங்க வீட்ல இட்லி. ஏழேகாலுக்கு வந்தா பிரட். பாத்துக்கங்க."

இந்த வண்டியில் கலியமூர்த்திக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. எல்லோரும் காலையில் இட்லி மாவுதான் கேட்பார்கள். அதனால் இடது கேன் முதலில் காலியாகும், வலது கேன் நிறைந்தே இருக்கும். சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். வலது பக்கக் கனம் அதை நிமிர்த்திவிடும். பழைய வண்டி அப்படி நிமிர்ந்து வலது பக்கம் விழப் பார்க்கும். கலியமூர்த்தி அங்கே நின்று இடுப்பால் கேனை அணைத்துக்கொண்டு மாவு ஊற்றுவார். பதினான்கு வருடமாக அப்படித்தான் நின்றார், நிற்கிறோம் என்று அவருக்கே தெரியாமல். புது வண்டிக்கு இடுப்பு தேவைப்படவில்லை. அதன் கனத்திலேயே நின்றது. மூன்றாவது நாள் இதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு வண்டியை நிறுத்திவிட்டு வேப்ப மர நிழலுக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். "யானைங்க இது. கட்டிட்டுப் போயிடலாம்" என்று நாலு பேரிடம் சொன்னார்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பத்தெட்டாவது நிறுத்தம், உமாமகேஸ்வரி வீடு. வழக்கமாக நிற்கும் இடத்தில் யாரோ கார் நிறுத்தியிருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஓரமாக நிறுத்தினார். அங்கே சாலை வலது பக்கமாகச் சாக்கடையை நோக்கிச் சரிகிறது. இடது கேனில் இரண்டு கிலோ மிச்சம். வலது கேன் திறக்கப்படவே இல்லை.

"இன்னிக்கு தோசை மாவு குடுங்கண்ணே. தங்கச்சி வந்திருக்கா" என்றார் உமாமகேஸ்வரி.

கலியமூர்த்தி வலது பக்கம் வந்து, கேனுக்கு ஓரடி தள்ளி நின்று, கரண்டியை உள்ளே விட்டு அழுத்தினார். வண்டி நிமிர்ந்தது. நேராக ஒரு கணம் நின்றது. பிறகு அவர் பக்கம் வர ஆரம்பித்தது.

இரண்டு கையாலும் பிடித்தார். பழைய வண்டி என்றால் தாங்கி நிறுத்தியிருக்கலாம். உமாமகேஸ்வரியும் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தார். இன்னொரு கையில் பாத்திரம்.

"அண்ணே, விடட்டுமா?"

"விட்டுடுங்கம்மா."

இருவரும் ஒரே நேரத்தில் விலகினார்கள். வண்டி விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. முப்பது கிலோ தோசை மாவு நுரைத்துக்கொண்டு சாக்கடை வரை போனது. மூன்று நாய்கள் வந்தன. தெரு கூட்டுகிறவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"யே க்யா ஹை, பையா?"

"தோசா" என்றார் கலியமூர்த்தி.

வண்டியைத் தூக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். அதில் ஒருவர் அண்டர் செக்ரட்டரி.

வீட்டில் அருக்காணி கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். மாவு படிந்த கலியமூர்த்தியின் கால்சட்டையைப் பார்த்தார்.

"எந்த கேனு?"

"தோச."

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு அட்டையைக் கொண்டு வந்து காட்டினார். பேட்டரி ரிக்‌ஷா ஓட்டும் லைசென்ஸ். அருக்காணியின் பெயர், அருக்காணியின் போட்டோ.

"போன வாரமே வந்துருச்சு."

"போன வாரம் கொட்டவே இல்லையே?"

"நீங்க அந்த வண்டிய வாங்கிட்டு வந்த அன்னிக்கே பேரு குடுத்துட்டேன்."

"அப்ப ஓட்டப்போறது நீயா?"

"நீங்கதான் உக்காந்துகிட்டு நகர மாட்டீங்களே."

புதன்கிழமை கலியமூர்த்தி கரோல் பாக் போனார். அவருடைய பழைய வண்டி விலைபோகாமல் மூலையில் நின்றது.

"அஞ்சு பேரு ஓட்டிப் பாத்தாங்க அங்கிள்" என்றான் தீனா. "எல்லாரும் பசிக்குதுன்னு சாப்பிடப் போயிட்டாங்க. ஒருத்தனும் திரும்பி வரல."

பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டு அதையே எடுத்துக்கொண்டார். கடைக்கு வெளியே முதல் திருப்பத்தில், ஏழு வாரப் பழக்கத்தில், முழு பலத்தோடு ஹேண்டில்பாரைத் தள்ளினார். வண்டி தேவைக்கு மேல் திரும்பி ஒரு ஜூஸ் வண்டியின் பக்கம் போனது. அடுத்த திருப்பத்தில் லேசாகச் சாய்ந்தார். அவர் சாய்ந்து முடிப்பதற்குள் வண்டி திரும்பியிருந்தது. ரிங் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்தார்.

ரிக்‌ஷா சனிக்கிழமை வருகிறது. திங்கள் முதல் ஆர்.கே.புரத்தின் அறுபத்துநான்கு இடங்களும் அருக்காணியிடம். லோதி ரோடு குடியிருப்பில் பதினான்கு வீடுகள் ஒரு வருடமாக மாவு கேட்டுக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்குப் பன்னிரண்டு கிலோ, ஒரே கேன், பின் சீட்டின் நடுவில் கட்டியது. அதைக் கலியமூர்த்தி கொண்டுபோகிறார். முதல் வீட்டுக்கு ஆறேகாலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், தௌலா குவான் சுற்றிப் போகும் நேரத்தையும் சேர்த்து.